வெள்ளிமலை அன்பர்களும் வெண்பனி வழியும்

கள்ளக்குறிச்சிப் பகுதியின் மூத்த அன்பர்களுக்குக் கயிலையும் கங்கையும் பெயரளவில் அயலானவை அல்ல. கல்வராயன் மலை வட்டத்தின் தலைமையிடத்திற்கு வெள்ளிமலை என்று பெயர். கயிலை மலையையும் தமிழ் வெள்ளிமலை என்றே போற்றும். கல்வராயன் மலையில் பிறந்து, கச்சிராயபாளையத்தை அடுத்த அணையில் தேங்கி, கழனிகளுக்குப் பாயும் ஆற்றின் பெயர் கோமுகி. இமயத்தில் கங்கோத்திரிப் பனியாற்றின் வாயிலிருந்து பாகீரதி வெளிப்படும் இடத்தின் பெயர் கோமுகம். வாழ்நாள் முழுவதும் வெள்ளிமலையைப் பார்த்துக்கொண்டு, கோமுகி நீரைப் பருகி வாழ்ந்த ஒருவருக்கு, முதுமையில் ஒருமுறையேனும் வடக்கே போய்க் கேதாரநாதரையும் பத்ரிநாதரையும் தரிசிக்க வேண்டும் என்ற ஆவல் எழுவது இயல்பே.

ஆயினும் இரு மலைகளும் ஒன்றல்ல. கல்வராயன் மலை பெரும்பாலும் 2,000 அடி முதல் 3,000 அடி வரை உயர்ந்தது. கேதாரநாதர் கோயில் கொண்டிருப்பதோ 11,700 அடிக்கும் மேலே. இங்கே சித்திரையில் பாறை சுடும், ஓடை வற்றும், மலை ஓய்ந்து கிடக்கும். அங்கே அதே சித்திரையில்தான் மலை அசையத் தொடங்குகிறது. குளிர்காலம் முழுவதும் சிகரங்களில் குவிந்த பனி, வெயில் ஏற ஏற நெகிழ்ந்து, இருந்த இடத்தைவிட்டு இறங்க முற்படும் பருவம் அது. திருக்கோயில் நடை திறப்பதும் அந்தப் பருவத்தில்தான். இவ்விரண்டும் ஒரே காலத்தில் அமைவதை யாத்திரை செல்லும் பெரியோர் அறிந்திருப்பது மிக அவசியம்.

நடை திறக்கும் நாள்

ஆண்டுதோறும் தீபாவளியை அடுத்துக் கேதாரநாதர் கோயில் நடை சார்த்தப்படுகிறது. உற்சவ மூர்த்தி ஊக்கிமடத்திலுள்ள ஓங்காரேசுவரர் கோயிலுக்கு எழுந்தருளி, குளிர்கால மாதங்களில் அங்கேயே வழிபாடு ஏற்கிறார். மீண்டும் நடை திறக்கும் நாள் மகா சிவராத்திரியன்று ஊக்கிமடத்தில் கணித்து அறிவிக்கப்படும். பெரும்பாலும் அது அட்சய திருதியையை ஒட்டி, ஏப்ரல் இறுதியிலோ மே மாதத்தின் முதல் பகுதியிலோ அமையும். ஆறு மாதம் அடைத்திருந்த கதவு திறக்கும்போது எதிரே நிற்க வேண்டும் என்று விரும்பாத அன்பர் எவர்? ஆதலால் முதல் இரு வாரங்களில் கூட்டம் பெருகுகிறது.

கௌரிகுண்டத்திலிருந்து கோயிலுக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் மலைவழி. மந்தாகினிப் பள்ளத்தாக்கை ஒட்டி ஏறும் அவ்வழி, மேற்பகுதியில் பல ஓடைப் பள்ளங்களைக் கடந்து செல்கிறது. அவற்றுள் இரண்டிற்குப் பைரவர் பெயரும் குபேரர் பெயரும் வழங்குகின்றன. கோடையில் சிற்றோடைகளாகத் தோன்றும் இப்பள்ளங்கள், பனிக்காலத்தில் மேற்சரிவுகளின் பனியெல்லாம் வந்து விழும் வாய்க்கால்கள். 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 25 அன்று நடை திறந்த பிறகும் பனிப்பொழிவு ஓயவில்லை. மே முதல் வாரத்தில் இப்பள்ளங்களில் பனி சரிந்து வழியை மூடியது. யாத்திரை நிறுத்தப்பட்டது, புதிய பதிவுகளும் நிறுத்திவைக்கப்பட்டன. கீழே குப்தகாசியிலும் சோன்பிரயாகையிலும் அன்பர்கள் காத்திருக்க நேர்ந்தது.

பனியின் இயல்பு

பனி என்றால் நம் பக்கத்தில் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியே நினைவுக்கு வரும். இமயத்துப் பனி வேறு. அது ஒரே நாளில் விழுந்து ஒரே கட்டியாய்க் கிடப்பதன்று. ஒவ்வொரு பொழிவும் ஒவ்வோர் அடுக்காகப் படியும். ஓர் அடுக்கு மாவைப் போல் மென்மையாக இருக்கும்; மற்றொன்று காற்றால் இறுகிப் பலகை போல் ஆகியிருக்கும்; இன்னொன்று உள்ளிருந்து மாறி, ரவையைப் போல் ஒட்டாத மணிகளாய் உதிர்ந்து நிற்கும். ரவையைப் பரப்பி அதன்மேல் கனத்த பலகையை வைத்துச் சாய்த்தால் என்ன ஆகும்? பலகை வழுக்கி இறங்கும். பனிச்சரிவு நிகழ்வதும் ஏறத்தாழ அவ்வாறுதான். புதிதாய் விழுந்த பனியின் சுமையோ, மனிதர் கால் வைப்பதால் ஏற்படும் அழுத்தமோ அந்தப் பலகையை நகர்த்தப் போதும். பெரும்பனி பொழிந்து ஓய்ந்த முதல் ஓரிரு நாட்களில் மலைவாசிகள் சரிவுகளின் கீழே நடக்கத் தயங்குவது இதனால்தான்.

வசந்தத்தில் இன்னொரு காரணமும் சேர்கிறது. பகல் வெயிலில் மேற்பனி உருகி, அந்நீர் உள்ளே கசிந்து, அடுக்குகளின் பிடிப்பைத் தளர்த்துகிறது. இரவில் வானம் தெளிந்து குளிர் கடுத்தால், உருகியது மீண்டும் உறைந்து, ஆறிய வெல்லப்பாகு போல் இறுகும். எனவே அதிகாலையில் பனி உறுதியாகவும், உச்சிப்பொழுதுக்குப் பின் நெகிழ்ந்தும் இருக்கும். அனுபவமுள்ளோர் ஓடைப் பள்ளங்களை வெயில் ஏறுவதற்கு முன்பே கடந்துவிட முயல்வது இக்காரணம் பற்றியே. ஆனால் இரவு முழுவதும் மேகம் மூடியிருந்தாலோ, மழை தூறினாலோ பனி இறுகாது. அத்தகைய நாளில் விடியற்காலையும் பாதுகாப்பான பொழுதன்று.

30 பாகை முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில்தான் பெரும்பாலும் பனி சரிகிறது. அதனினும் செங்குத்தான பாறையில் பனி மிகுதியாகத் தங்குவதில்லை. அதனினும் தாழ்ந்த சரிவில் எளிதில் நழுவுவதில்லை. நடப்பவரின் காலடியில் வழி சமமாக இருக்கலாம். ஆபத்து தலைக்குமேல், கண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். உலர்ந்த பனி மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மிஞ்சிய வேகத்தில் பாயக்கூடும். வசந்தத்தின் ஈரப்பனி அதனினும் மெதுவாக வந்தாலும் கனத்தது. நின்றவுடன் காரை போல் இறுகிவிடும். உள்ளே அகப்பட்டவரைக் கால் மணி நேரத்திற்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பர். அதன்பின் ஒவ்வொரு நிமிடமும் நம்பிக்கை விரைந்து குறையும்.

ஒரு வெள்ளி வில்வ இலை

அவ்வாண்டு மே மாதத்தில் குப்தகாசியில் காத்திருந்தோருள், கோமுகிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் பயிரிட்டு வாழ்ந்த 72 வயதுப் பெரியவர் ஒருவரும் இருந்தார். அவருடைய மடியில் ஒரு வெள்ளி வில்வ இலை முடிந்திருந்தது. கேதாரநாதருக்குச் சாத்த வேண்டும் என்று அவர் மனைவி சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கி, பூஜை அறையில் வைத்திருந்த இலை அது. இருவரும் சேர்ந்து போவதாக இருந்த யாத்திரைக்கு அவர் தனியே வர நேர்ந்தது. அம்மையார் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே சிவபதம் அடைந்துவிட்டார்.

பஜனை மடத்தார் பதினெட்டுப் பேர் சேர்ந்து வந்திருந்தனர். ஹரித்துவாரத்திலிருந்து ஊர் திரும்பும் ரயிலுக்கு முன்பதிவு ஆகியிருந்தது. ஒருநாள் காத்தனர், இரண்டாம் நாளும் வழி திறக்கவில்லை. மூன்றாம் நாள் புறப்பட்டே ஆக வேண்டும். பெரியவருக்கு மனம் ஒப்பவில்லை. குழுவின் சமையற்காரர் ஓரளவு இந்தி அறிந்தவர். அவரை அழைத்துக்கொண்டு சோன்பிரயாகைக்குச் சென்று, மட்டக்குதிரை ஓட்டும் ஒருவரைக் கண்டு, எவ்வளவு ஆனாலும் தருகிறேன், தம்மை மட்டும் மேலே கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டார். உயிரே போனாலும் கேதாரத்தில் போவது புண்ணியம்தானே என்றும் சொன்னார்.

குதிரைக்காரர் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. வானத்தைக் காட்டினார். இரவெல்லாம் மேகம் விலகவில்லை, மேலே பனி இறுகவில்லை, ஓடையில் எப்போது வேண்டுமானாலும் இறங்கும் என்றார். பிறகு, “பாபாஜி, உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கலாம். உங்களைத் தேடிப் பனியைத் தோண்ட வருகிறவன் என் தம்பி. அவனுக்குச் சின்னஞ்சிறு பிள்ளைகள்” என்றார்.

அச்சொல் பெரியவரை நிறுத்தியது. கல்வராயன் மலையோரத்தில் வளர்ந்தவர் அவர். மேலே இடி கேட்டால், கீழே வானம் வெளுத்திருந்தாலும் ஓடையில் இறங்கக் கூடாது என்பது அங்கே சிறுவர்க்கும் தெரிந்த பாடம். மேலே பெய்த மழை கீழே நிற்பவன் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளம் வந்து சேர்ந்த பிறகே தெரியும். மாடு ஓட்டிக்கொண்டு ஓடையைக் கடக்க முயன்றவர்களைத் தாமே எத்தனையோ முறை அதட்டித் திருப்பியவர் அவர். குதிரைக்காரர் சொன்னதும் அதே பாடம்தான். தண்ணீருக்குப் பதில் பனி.

திரும்புவது எளிதாக இல்லை. குப்தகாசி விசுவநாதர் சந்நிதியிலேயே இலையைச் சாத்திவிடலாம் என்று உடன் வந்தோர் சொன்னார்கள். பாண்டவர் கண்ணில் படாமல் ஈசன் மறைந்திருந்த தலம் என்று புராணம் போற்றும் ஊர் அது. ஆனால், “அவள் வேண்டிக்கொண்டது கேதாரத்திற்கு, அதை மாற்ற எனக்கு உரிமை இல்லை” என்று பெரியவர் மறுத்துவிட்டார். விசுவநாதரையும் ஊக்கிமடத்து ஓங்காரேசுவரரையும் வணங்கி, இலையை மீண்டும் மடியில் முடிந்துகொண்டு ஊர் திரும்பினார். தரிசனம் ஆயிற்றா என்று தெருவில் ஒவ்வொருவரும் கேட்டபோது, இல்லை என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. அவ்வளவு தூரம் போயும் பாக்கியம் இல்லையா என்று சிலர் வருந்தினார்கள். அந்த வருத்தமே அவருக்கு மிகுந்த சுமையாயிற்று.

அருளாளர் காட்டிய வழி

பாக்கியம் இல்லை என்ற சொல் சரியானதுதானா? சைவத் திருமுறை மரபு வேறு விதமாகச் சொல்கிறது. திருக்கேதாரம் பாடல் பெற்ற தலம். ஆனால் திருஞானசம்பந்தப் பெருமான் அங்கே நேரில் செல்லவில்லை. திருக்காளத்தியில் நின்றபடியே கயிலையையும் கேதாரத்தையும் நினைந்து பாடினார் என்று பெரியபுராணம் உரைக்கிறது. காளத்தியில் நின்று பாடியதால் அப்பதிகத்தின் பெருமை சிறிதும் குறையவில்லை.

திருநாவுக்கரசர் வரலாறு முதுமையில் யாத்திரை செல்லும் எவர்க்கும் இன்னும் நெருக்கமானது. கயிலைக் காட்சியை வேண்டி முதிர்ந்த வயதில் தனியே வடக்கே சென்றார். பாதம் தேய்ந்தது, கைகளால் ஊன்றிச் சென்றார், கையும் தேய்ந்தபின் மார்பால் நகர்ந்தார், உடல் முழுதும் நைந்தும் திரும்ப மறுத்தார். அப்போது முனிவர் கோலத்தில் தோன்றிய இறைவன் அவரை மேலே நடக்கவிடவில்லை. அருகிருந்த பொய்கையில் மூழ்கச் சொன்னான். மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றில். கயிலைக் காட்சி அங்கே கிடைத்தது. இன்றும் ஆடி அமாவாசையில் திருவையாற்றில் அவ்விழா நடைபெறுகிறது. அப்பரடிகளின் பக்திக்கு மேற்பட்ட பக்தி யாரிடம் உண்டு? அவரையே திருப்பி அனுப்பிய இறைவன், திரும்புவதை இழப்பாக்கவில்லை.

வைணவ அன்பர்களுக்குச் சான்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே இருக்கிறது. திருக்கோவலூரில் ஒரு மழை இரவில் பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் மூவரும் ஒரு சிறிய இடைகழியில் ஒதுங்கினர். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவே இடம். நான்காமவராக நெருக்கி நின்றவன் எம்பெருமான். புயலில் நடந்துகொண்டிருந்தவர்களிடம் அவன் வரவில்லை. மழைக்கு ஒதுங்கி நின்றவர்களிடம் வந்தான். திருவதரி என்று ஆழ்வார்கள் பாடிய பத்ரிநாதத்திற்குப் போகும் வழியில் சத்திரத்தில் காத்திருக்க நேர்ந்தால், இந்த இடைகழியை நினைத்துக்கொள்வது தகும்.

பெரியோர் கருத வேண்டியவை

நடை திறக்கும் முதல் வாரங்களை உடல் வலுவுள்ளோர்க்கு விட்டுவிட்டு, பனி பெரிதும் கரைந்த மே இறுதியிலோ, ஜூன் தொடக்கத்திலோ செல்வது மூத்தோர்க்கு நலம். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பனிக்குப் பதில் மழையும் மண்சரிவும் அச்சுறுத்தும். மழை ஓய்ந்த புரட்டாசி, ஐப்பசியில் வழி பெரும்பாலும் உலர்ந்து, வானம் தெளிந்திருக்கும், கூட்டமும் குறையும்.

கேதாரத்தின் உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, சமவெளியில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. 2022-ஆம் ஆண்டு யாத்திரைப் பருவத்தில் நான்கு தாமங்களிலும் உயிரிழந்தோர் 200 பேருக்கும் மேல். அவர்களில் பலருக்கும் காரணம் இதய நோய். எனவே புறப்படுமுன் மருத்துவரிடம் காட்டுவதும், குப்தகாசி போன்ற இடத்தில் ஓரிரு இரவு தங்கி உடலைப் பழக்குவதும் தவிர்க்கக் கூடாதவை. ஏறும்போது தலைவலி, வாந்தி, ஓய்ந்திருக்கும்போதும் மூச்சுத்திணறல் கண்டால் மேலே போகாமல் உடனே கீழே இறங்க வேண்டும்.

வழியில் பனி இருக்குமாயின், அதிகாலையில் புறப்பட்டு, ஓடைப் பள்ளங்களில் நிற்காமல், ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டுக் கடக்க வேண்டும். பனிச்சுவரின் கீழ் நின்று படம் எடுப்பது வேண்டாம். சண்டிகரில் அமைந்துள்ள பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனம் பனிக்காலத்தில் பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. அவற்றை ஒட்டி மாவட்ட நிர்வாகம் வழியை அடைத்தால், அடைத்ததுதான். இவை எல்லாவற்றினும் முக்கியமான ஒன்று உண்டு: திரும்பும் ரயிலுக்கும் யாத்திரைக்கும் இடையே மூன்று நாட்களேனும் மிச்சம் வைப்பது. மலையில் அவசர முடிவுகள் பலவும் பக்தியால் எடுக்கப்படுபவை அல்ல. பயணச்சீட்டில் அச்சிட்ட தேதியால் எடுக்கப்படுபவை.

கோமுகிக் கரைப் பெரியவர் அவ்வாண்டே ஐப்பசித் தொடக்கத்தில், மகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மீண்டும் புறப்பட்டார். டோலியில் ஏறிச் சென்றபோது, மே மாதத்தில் பனி மூடியிருந்த பள்ளம் வந்தது. கூழாங்கற்களும், விரற்கடை ஆழத்தில் ஓடும் தெளிந்த நீருமே அங்கே இருந்தன. “அப்பா, இந்த ஓடைதானா உங்களைத் திருப்பி அனுப்பியது?” என்று மகள் வியந்தார். “இதுதான்” என்று சொல்லி, டோலியை நிறுத்தச் செய்யாமல், இருந்தபடியே பைரவரைக் கைகூப்பினார் பெரியவர். அன்று பிற்பகல் வெள்ளி வில்வ இலை சேர வேண்டிய இடம் சேர்ந்தது.

வழி செய்வோர்

யாத்திரை செல்வோர் காணாத ஒரு கூட்டம் மலையில் உண்டு. 2025 பிப்ரவரி 28 அன்று, பத்ரிநாதத்தை அடுத்த மாணா கிராமத்தருகே எல்லைச் சாலை நிறுவனத்தின் முகாம்மீது பனி சரிந்தது. சாலைப் பனியை அகற்றும் பணிக்காகத் தங்கியிருந்த 54 தொழிலாளர் அகப்பட்டனர். 46 பேர் மீட்கப்பட்டனர். 8 பேர் உயிர் இழந்தனர். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19,000 அடிக்கும் மேலான காவல் நிலையில் பனிச்சரிவுக்கு இரையான பத்து வீரரும் சென்னைப் படைப்பிரிவின் 19-ஆம் அணியினர். அவர்களுள் நால்வர் தமிழகத்துப் பிள்ளைகள்.

வசந்தத்தில் நடை திறக்கும் நாளில் மலர் அலங்காரத்தோடு கேதாரநாதர் கோயில் காட்சி தரும்போது, அதற்குப் பல வாரங்கள் முன்பிருந்தே மண்வெட்டியோடு பனியில் நின்றவர்கள் இருக்கிறார்கள். வழி மூடியிருக்கிறது, காத்திருங்கள் என்ற அறிவிப்பு வரும்போது, மேலே அந்த மனிதர்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பொருள். பொறுமையிழந்து முன்னேறும் ஒவ்வொருவரும் அவர்கள் சுமையைக் கூட்டுகிறார். காத்திருக்கும் ஒவ்வொருவரும் குறைக்கிறார். யாத்திரைக்குப் புறப்படும் முன் குலதெய்வத்திற்கு விளக்கேற்றும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அவ்வேளையில் வழி செய்வோர் நலத்திற்கும் ஒரு விளக்கு ஏற்றப்படுமாயின், மலையில் உறையும் இறைவன் அதை மறுக்கமாட்டான்.